எனது பழைய மோட்டார் வண்டி

இக்காலத்து மோட்டார் வண்டிகள் பேசக் கற்றுக்கொண்டுவிட்டன. இடுப்புப் பட்டையைப் பூட்டாவிடின் ஓலமிடுகின்றன. கதவு சற்றே திறந்திருப்பின் முறையிடுகின்றன. மணிக்கு 80 கிலோமீட்டரைக் கடந்தால் விட்டுவிட்டும், 120-ஐக் கடந்தால் விடாமலும் ஒலிக்கவேண்டுமென்று 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் நம் நாட்டில் விதியே ஏற்பட்டுவிட்டது. அவற்றுள் விலை மிகுந்தவையோ பேச்சோடு நில்லாமல் செயலிலும் இறங்குகின்றன. சாலையிற் கிழித்த வெள்ளைக் கோட்டைச் சக்கரம் மிதித்தால் ஸ்டீயரிங் தானே அசைந்து நம் கையைத் திருத்துகின்றது. முன்னே செல்லும் வண்டி நின்றுவிட்டால், ஓட்டுவோன் கால் அசையுமுன்னரே பிரேக் தானாக விழுகின்றது. ஐரோப்பிய நாடுகளில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் புதிய கார் ஒவ்வொன்றும், வேகத்தை எச்சரிக்கும் கருவியும், தானே பிரேக் பிடிக்கும் கருவியும், ஓட்டுவோன் கண் சொக்குவதைக் கண்டறியும் கருவியும் உடையதாயிருத்தல் வேண்டுமென்பது சட்டம்.

யான் ஓட்டுவது 1984-இல் வங்காளத்து உத்தரபாராவிற் செய்யப்பட்ட ஓர் அம்பாஸடர். மேற்சொன்னவற்றுள் ஒன்றும் அதனிடம் இல்லை. பழைய மாணவர் கூட்டத்திற்கு அதில் வந்து இறங்கும்போதெல்லாம் இளைஞர் சிலர் சூழ்ந்துகொண்டு, “ஐயா, வசதியிருந்தும் ஏன் இன்னும் இதையே வைத்திருக்கிறீர்கள்?” என்று வினவுவது வழக்கமாயிற்று. மலரின் ஆசிரியரும் அதற்கு விடையை எழுதித் தரும்படி கேட்டமையால் இச்சிறு கட்டுரை எழுந்தது. முப்பது ஆண்டுக்கு மேலாக மாணவர்க்குப் பௌதிகம் கற்பித்தவன் ஆதலின், பழமை என்பது பற்றியே ஒன்றைப் போற்றுதல் எனக்கு இயல்பன்று. காரணம் இருப்பின் அதைச் சொல்லவேண்டும். எதிர்க்காரணம் இருப்பின் அதையும் மறைத்தல் ஆகாது.

இவ்வண்டியின் வரலாறு யாவரும் அறிந்ததே. இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் என்னும் பெயரோடு பிறந்த மாதிரியை இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1950-களின் இறுதியில் அம்பாஸடர் என்னும் பெயரால் இங்கே செய்யத் தொடங்கினர். 2014 மே மாதம் வரையில், உருவத்தில் பெரிய மாறுதலின்றி அது வெளிவந்துகொண்டேயிருந்தது. மந்திரிகளும் கலெக்டர்களும் அதிலே சென்றனர்; கல்யாண வீட்டாரும் பிரசவத்திற்குச் செல்வாரும் அதிலேயே சென்றனர். ஐவர்க்கென அமைந்த இடத்தில் ஒன்பதின்மர் ஏறிச் சென்றதை யான் கண்டிருக்கிறேன். அதனைப் புகழ்ச்சியாகக் கூறவில்லை.

அதன் முன்மூடியைத் திறந்தால் உள்ளே நிலம் தெரியும். இதனைக் கேட்டு மாணவர் நகைப்பர். எனக்கோ அதுவே அதன் பெருமை. 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினைச் சுற்றிலும் ஒருவன் இரு கைகளையும் நுழைத்து வேலை செய்யுமளவு இடம் உண்டு. பெட்ரோல் எவ்வழியே வருகின்றது, எங்கே காற்றுடன் கலக்கின்றது, தீப்பொறி எங்கே பிறந்து எம்முறையில் நான்கு பிளக்குகளுக்கும் பங்கிடப்படுகின்றது என்பன யாவும் கண்ணாற் காணத்தக்கவை. வகுப்பில் மின்தூண்டலைப் பற்றிச் சொல்லுங்கால் பலமுறை மாணவரை வெளியே அழைத்துச் சென்று, இவ்வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிக் காட்டியிருக்கிறேன். பாயிண்ட் திறக்கும் கணத்தில் சுருளின் முதற்சுற்றிலே மின்னோட்டம் அறுபட, இரண்டாம் சுற்றிலே ஆயிரக்கணக்கான வோல்ட் எழுவதைக் கரும்பலகையில் வரைந்து விளங்காத மாணவர்க்கு, அது வண்டியின் அருகே நின்றவுடன் விளங்கிற்று. இக்காலத்து எஞ்சினைத் திறந்தாலோ மேலே ஒரு கரிய பிளாஸ்டிக் மூடி. அதன்மேல் கம்பெனியின் பெயர். காட்டுதற்கு வேறொன்றுமில்லை.

நிற்க. ஓட்டும் முறையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இவ்வண்டியின் கியர்க் கோல் ஸ்டீயரிங் தண்டின் பக்கத்திலேயே உள்ளது. நான்கு கியர்களுள் முதலாவதற்கு, பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கித் தரும் உள்ளமைப்பு இல்லை. ஆதலின் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முதற் கியருக்கு இறங்கவேண்டுமாயின், கிளச்சை ஒருமுறை அழுத்தி நடுநிலைக்கு வந்து, விட்டு, எஞ்சினைச் சிறிது முடுக்கி, மறுமுறை அழுத்திக் கோலைத் தள்ளவேண்டும். லாரி ஓட்டுநர் இதனை டபுள் டிக்ளச் என்பர். எவ்வளவு முடுக்குவது என்பதை எந்த முள்ளும் காட்டாது, காதுதான் சொல்லவேண்டும். சரியாகச் செய்தால் கோல் வெண்ணெயிற் கத்தி இறங்குவதுபோல் இறங்கும். தவறினால் ஊரெல்லாம் கேட்கும்.

இது வீண் தொல்லை என்பார்க்கு யான் கொடைக்கானல் சாலையைக் காட்டுவேன். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் கோடையின் கொடுமைக்கு அஞ்சி 1845-இல் வீடு கட்டிக் குடியேறிய அம்மலைநகர், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரத்து வத்தலக்குண்டோ 300 மீட்டரைச் சற்றே கடந்தது. ஆகவே மேஜர் லா என்பாரின் பெயரால் வழங்கும் மலைச்சாலையில் இறங்கும் வண்டி, ஏறத்தாழ 1,800 மீட்டர் விழுகின்றது என்றே கொள்ளலாம். ஆட்களோடு 1,400 கிலோகிராம் எடையுள்ள வண்டி அவ்வளவு உயரத்தினின்று இறங்குங்கால் இழக்கும் நிலையாற்றல் இரண்டரைக் கோடி ஜூலை நெருங்கும். இது எழுபது லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றின் தடையும் சக்கரத்தின் உராய்வும் கொள்ளும் பங்கு போக, எஞ்சிய வெப்பம் எங்கேனும் சென்றுதானே ஆகவேண்டும்? பிரேக்கையே நம்பி இறங்குவோன் அதனை நான்கு இரும்பு டிரம்களில் ஏற்றுகின்றான். டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருக்கும் பிரேக் கட்டையை விட்டு விலகும். கட்டையின் பிடிப்பும் வெப்பத்தால் தளரும். மிதிகோல் வெறுமனே கீழே போகும். தாழ்ந்த கியரில் இறங்குவோனோ அவ்வாற்றலில் பெரும்பங்கை எஞ்சினுக்குக் கொடுத்துவிடுகின்றான். எஞ்சின் அதனை ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் மலைக்காற்றிற் கலந்துவிடுகின்றது.

இதனை என் தந்தையார் எனக்குக் கற்பித்தார். அவர் அம்மலைமேல் வைத்தியராக இருந்தபோது வாங்கிய வண்டிதான் இது. “எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு” என்பதற்கு மேல் அவர் ஒன்றும் விரித்துரைத்ததில்லை. இறங்கும்போது எஞ்சின் எழுப்பும் முனகலைக் கேட்டுக்கொண்டே, பக்கத்திருக்கையில் கண்ணை மூடியவண்ணம் அமர்ந்திருப்பார். முனகல் தாழ்ந்தால் கண்ணைத் திறப்பார்.

1993-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓர் இரவு அவரையே அச்சாலை வழியாக மதுரைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. மார்பில் வலி. தமக்கு என்ன நேர்ந்திருக்கிறதென்பதை வைத்தியராகிய அவர் நன்கு அறிந்திருந்தார், எங்களிடம் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. பெருமாள் மலைக்குக் கீழே ஒரு வளைவில் ஓடைநீர் சாலையைக் கடந்து பாய்ந்தது. அதனுள் இறங்கி ஏறியவுடன் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டரில் நீர் புகுந்ததைத் தவிர வேறு காரணம் இருக்க இடமில்லை. என் தம்பி டார்ச் விளக்கைப் பிடிக்க, மூடியின் இரு கவ்விகளையும் விலக்கிக் கழற்றி, வேட்டித் தலைப்பால் உள்ளும் புறமும் துடைத்து, ஒயர்களின் நுனிகளையும் துடைத்து மாட்டினேன். பேட்டரி தளர்ந்திருந்தமையால் செல்ஃப் இழுக்கவில்லை. பின்பெட்டியிலிருந்த இரும்புக் கைப்பிடியை முன்புறத்துத் துளையில் நுழைத்து இரண்டு சுற்றுச் சுற்ற, எஞ்சின் எழுந்தது. எல்லாம் கால்மணி நேரத்திற்குள். தந்தையார் அதன்பின் பதினோராண்டு உயிரோடிருந்தார்.

இதனோடு வேறொன்றை ஒப்பிடாமல் இருத்தல் இயலவில்லை. 2023-ஆம் ஆண்டு மே மாதம், கண்ணிற் சிகிச்சை செய்துகொண்ட என் மனைவியை மகளின் புதுக் காரில் நாற்கரச் சாலை வழியே அழைத்து வந்துகொண்டிருந்தோம். முன்பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. எஞ்சினின் வலு குன்றிற்று. சிறிது தூரத்தில் வண்டி ஓரமாக நின்றுவிட்டது. வெளியே வெயில் நெருப்பாய்க் காய்ந்தது. முன்மூடியைத் திறந்தால் நான் முன்னே சொன்ன அந்தக் கரிய பிளாஸ்டிக் மூடி. உதவித் தொலைபேசியில் ஒரு பெண்மணி மிகுந்த மரியாதையுடன், “ஐயா, தாங்கள் எதையும் தொடவேண்டாம்” என்றார். தொடுதற்கு என்ன இருந்தது? வண்டியை ஏற்றிச் செல்லும் லாரி வர மூன்று மணி நேரம் சென்றது. பிற்பாடு, காற்றின் அளவைக் கணக்கிடும் சிறு கருவியொன்று பொய்க்கணக்குக் கொடுத்ததாகவும், அதனை நம்பிய கணிப்பொறி எஞ்சினைக் காப்பாற்றும் நோக்கத்துடன் அடக்கிவிட்டதாகவும் கூறினர். எஞ்சின் காப்பாற்றப்பட்டது என்பதில் ஐயமில்லை. கண்ணில் கட்டோடு வெயிலில் அமர்ந்திருந்தவளை எந்தக் கருவியும் கணக்கிடவில்லை.

இவ்விரு சம்பவங்களோடு கட்டுரையை முடித்தால் கட்சி எனக்கே வெற்றியாகும். ஆயின் அது நேர்மையாகாது. ஏனெனில், அதே புதுக் கார் சம்பந்தமாக மூன்றாவது சம்பவம் ஒன்றும் உண்டு.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், இரவு எட்டு மணிக்குமேல், என் மகள் அதனை ஓட்ட யான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். எதிரே வந்த பஸ்ஸின் விளக்கொளி கண்ணைப் பறித்தது. அவ்வொளி விலகும் முன்னரே கார் தலைகுப்புற விழுவதுபோல் குனிந்து நின்றது. பட்டை என் மார்பை அழுத்திற்று. முன்னே, பம்பருக்கு ஒரு கைநீளத்திற்குள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு முதியவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். சைக்கிளில் விளக்கில்லை, அவர் உடுத்திருந்ததோ அழுக்கேறிய காக்கி. மகள் பிரேக்கை மிதிக்கவில்லை. அவளுக்கு அவர் தெரியவேயில்லை. எனக்கும் தெரியவில்லை. அம்முதியவர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நேராததுபோல் எதிர்ப்புறத்துக்குப் போய்விட்டார். மகள் ஸ்டீயரிங்கின்மேல் தலையைச் சாய்த்து அழுதாள்.

அவ்விடத்தில் என் அம்பாஸடர் சென்றிருக்குமாயின், என் காதும் கையும் காலும் எவ்வளவு பழகியிருந்தும், அம்மனிதர் பிழைத்திரார். இதனை யான் பலவாறு எண்ணிப் பார்த்தேன். வேறு முடிவு கிட்டவில்லை.

மறுவாரம் எங்கள் மேஸ்திரியிடம் இதனைச் சொன்னேன். நாற்பதாண்டாக இவ்வண்டியைப் பழுது பார்ப்பவர் அவர். இப்போது கண் மங்கி, தொட்டுப் பார்த்தே ஸ்பானரைத் தேர்ந்தெடுப்பவர். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அந்த வண்டியைக் கும்பிடணுங்க ஐயா” என்றார். பின்பு, “ஆனா அந்த வண்டி ஓட்டுறவங்களுக்கு ஓட்டத் தெரியாமப் போயிடுமே, அதுக்கு என்ன செய்யறது?” என்றும் கேட்டார். படித்தவர் பலர் பெரிய நூல்களில் ஆராய்ந்த வினாவை அவர் கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் ஆங்கில உளநூல் அறிஞர் 1983-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையின் கருத்தும் இதுவே. எளிய வேலைகளையெல்லாம் யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, யந்திரம் கைவிடும் கடினமான நேரத்தில் மட்டும் மனிதனை அழைத்தால், அன்றாடப் பயிற்சி இழந்த அம்மனிதன் அப்போது என்செய்வான் என்பது அவர் எழுப்பிய ஐயம். 2009 ஜூன் 1-ஆம் நாள் அட்லாண்டிக் கடலின்மேற் பறந்த ஏர் பிரான்ஸ் 447-ஆம் விமானத்தில் அவ்வையம் மெய்யாயிற்று. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைக்க, தானே ஓட்டும் கருவி விலகிக்கொண்டு விமானத்தை மனிதர் கையில் கொடுத்தது. சில நிமிஷங்களில் அது கடலில் வீழ்ந்தது. 228 பேர் மாண்டனர். விமானத்தின் எஞ்சின்கள் இறுதிவரையில் நன்கு ஓடிக்கொண்டிருந்தன என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

ஆகவே யான் இக்கருவிகள் அனைத்தையும் ஒரே தட்டில் நிறுப்பதில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் பிரேக் பிடிக்கும் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு 1978-இல் ஜெர்மனியில் மெர்ஸிடிஸ் கார்களில் வந்தது. நம் நாட்டுக் கார்களுக்கு அது 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். பூட்டிக்கொண்ட சக்கரம் வழுக்கும். வழுக்கும் சக்கரத்தைத் திருப்பிப் பயனில்லை. அவ்வமைப்போ ஒரு விநாடிக்குள் பலமுறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கின்றது. இதனை எவன் காலும் செய்ய இயலாது. அவ்வாறே 1995-இல் வந்த, வண்டி சறுக்கிச் சுழலாமற் காக்கும் அமைப்பு, ஒரே வண்டி தானே கவிழ்ந்தோ மோதியோ உயிரிழப்பு நேரும் விபத்துக்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததென்பது அமெரிக்க ஆராய்ச்சியாற் கண்ட உண்மை. இவையிரண்டும் நாள்தோறும் வாளா இருந்து, மனிதன் எல்லை கடந்தபோது மட்டும் கைகொடுப்பவை. என் வண்டியில் இவை இல்லாமை குறைவே. அதனை நிறைவென்று சாதிப்பார் கட்சியில் யான் சேரேன்.

ஆயினும் மனிதன் இவற்றை என் செய்கின்றான் என்பதையும் பார்க்கவேண்டும். 1980-களில் மூனிச் நகரத்து டாக்சிகளுள் ஒரு பகுதிக்கு ஏ.பி.எஸ். பொருத்தி, மற்றொரு பகுதியை அஃதின்றி ஓடவிட்டு ஆராய்ந்தனர். எதிர்பார்த்தவாறு விபத்துக்கள் குறையவில்லை. அவ்வமைப்பைப் பெற்ற ஓட்டுநர்கள் வளைவுகளில் கடுமையாகத் திருப்பினர். முன்வண்டியை நெருங்கிச் சென்றனர். யந்திரம் கொடுத்த பாதுகாப்பை அவர்கள் வேகமாக மாற்றிச் செலவிட்டுவிட்டனர் போலும்!

எனக்கு ஒவ்வாதவை வேறு இனத்தவை. ஓட்டுவோன் விழித்திருக்கும்போதே அவன் கையிலுள்ள வேலையைப் பிடுங்கிக்கொள்ளும் கருவிகளைச் சொல்கிறேன். கோட்டைக் காக்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். நம் கிராமத்துச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் உளுந்தும் கேழ்வரகும் தார்ச் சாலைமேலேயே பரப்பப்பட்டிருக்கும். ஒரு பாதியில் தானியம், மறுபாதியில் போக்குவரத்து. தானியத்திற்கு வழிவிட்டு நாம் கோட்டைக் கடந்தால் ஸ்டீயரிங் நம்மைத் தானியத்தின்மேலேயே தள்ளப் பார்க்கின்றது. ஏழை ஒருவனுடைய ஆண்டு வருமானம் அங்கே காய்கின்றதென்பது அக்கருவிக்குத் தெரியாது, கோடு தெரியும். மருமகன் அதனை நிறுத்தி வைத்திருக்கிறார். வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினால் அது தானே உயிர்பெற்றுவிடுகின்றது. வேக எச்சரிக்கையின் கதையும் இதுவே. முதல் வாரம் அது எச்சரிக்கை. இரண்டாம் வாரம் தொல்லை. மூன்றாம் வாரம் காதில் விழுவதில்லை.

தொடுதிரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் வண்டியில் வைப்பரை ஓட்டும் பொத்தான் எங்கேயிருக்கிறதென்று என் விரலுக்குத் தெரியும். கண் சாலையை விட்டு அகலவேண்டியதில்லை. புது வண்டிகள் சிலவற்றிலோ குளிர்காற்றைக் குறைப்பதற்கும் கண்ணாடித் திரையைப் பார்த்துத் தேடவேண்டும். 2017-இல் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெயின் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகள் இறந்தபோது, தொடுதிரையால் கப்பலை இயக்கியதில் நேர்ந்த குழப்பமும் காரணங்களுள் ஒன்றெனக் கண்டனர். 2019-இல் அந்நாட்டுக் கடற்படையார் கையாற் பிடித்துத் தள்ளும் பழைய கோல்களுக்கே திரும்புவதென முடிவு செய்தனர். ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்.சி.ஏ.பி. என்னும் அமைப்பினரும், ஹாரன், வைப்பர், திரும்பும் விளக்கு முதலியவற்றிற்குத் தனிப் பொத்தான் இருந்தாலன்றி முழு மதிப்பெண் கிட்டாதென 2026 முதல் விதித்தனர். பழையதை விரும்புவோர் எல்லாரும் பித்தர் அல்லர் என்பதற்கு இவ்வளவு சான்று போதும்.

எனினும் என் மகளின் வாதத்துக்கு இவற்றால் விடை கிடைக்காது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர். மாண்டவருள் பெரும்பாலோர் காரினுள் இருந்தவரல்லர்; இரு சக்கர வண்டியிற் சென்றோரும் நடந்து சென்றோருமே மிகுதி. “அப்பா, உங்கள் விருப்பத்துக்கு நீங்கள் விலை கொடுத்தால் யான் தடுக்கமாட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர் ஏன் கொடுக்கவேண்டும்?” என்று அவள் கேட்டாள். பேத்தியை அம்பாஸடரில் ஏற்றக்கூடாதென்றும் சொன்னாள். 1984-இல் அவ்வண்டிக்கு இடுப்புப் பட்டைகூட இல்லை; பிற்பாடு யான் பூட்டுவித்ததுதான். மோதினால் ஸ்டீயரிங் தண்டு மார்பை நோக்கி வரும் அமைப்பு அதனுடையது. கனத்த தகட்டால் ஆனதென்று நாம் பெருமை பேசுகிறோம். தகடு மடங்காவிட்டால் மோதலின் வேகத்தை உள்ளிருக்கும் உடல்கள்தாம் ஏற்கவேண்டும் என்பதைப் பௌதிகம் படித்தவன் மறுக்கமுடியுமா?

மறுக்கவில்லை. பேத்தி இன்றுவரை அதில் ஏறியதில்லை. வாசலில் நிற்கும்போது ஏறி ஸ்டீயரிங்கைத் திருப்பி விளையாடுவாள், அவ்வளவே. இரவில் அதனை எடுப்பதில்லை. நாற்கரச் சாலையில் செலுத்துவதில்லை. பகலில் ஊருக்குள்ளும், ஆண்டுக்கு இருமுறை கொடைக்கானலுக்கும், கிராமத்து வழிகளிலே வத்தலக்குண்டு சென்று, ஓட்டுகிறேன். மெதுவாக ஓட்டுகிறேன். பின்னால் வருவோர் ஹாரன் அடித்தால் ஓரமாக நிறுத்தி வழிவிட்டு, அந்நேரத்தில் ரேடியேட்டரையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவு குறுக்கிய பின்னும் அதனை ஏன் விடவில்லை என்பதற்கு, இளமையில் எனக்குத் தோன்றாத காரணம் ஒன்று இப்போது கிடைத்திருக்கிறது. எனக்கு வயது அறுபத்தெட்டு. மகளின் காரில் அமர்ந்தால் யான் முப்பது வயதினன்போல் ஓட்டுகிறேன். ஸ்டீயரிங் ஒரு விரலுக்கு அசைகின்றது, கிளச்சே இல்லை, பின்னே செல்லும்போது திரையில் கோடு போட்டு வழி காட்டுகின்றது. என் தோள் தளர்ந்ததையும் கழுத்துத் திரும்பாததையும் அது என்னிடமிருந்தே மறைத்துவிடுகின்றது. அம்பாஸடரோ எதையும் மறைப்பதில்லை. நின்ற இடத்தில் அதன் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள்வலிமை வேண்டும். மலைச்சாலையில் நூறு முறை கிளச்சை மிதித்தால் முழங்கால் உண்மையைச் சொல்லும். சென்ற டிசம்பரில் டம்டம் பாறையைக் கடந்து ஒரு வளைவில் முதற் கியருக்கு இறங்கியபோது பற்சக்கரம் உறுமிற்று. காது மந்தமாகிவருகின்றது என்பதை அன்றுதான் அறிந்தேன். வைத்தியரிடம் சென்றேன், அவரும் அதையே சொன்னார். வேறு எந்த வண்டி எனக்கு அதனைச் சொல்லியிருக்கும்?

உதிரிப் பாகங்கள் மதுரையிலும் சென்னையிலும் இன்னும் கிடைக்கின்றன. கிடைக்காதவற்றை மேஸ்திரி கடைசலிற் கொடுத்துச் செய்விக்கிறார். அவருடைய மக்கள் இருவரும் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். அவர் கையிலுள்ள வித்தை அவரோடு போய்விடுமோ என்று கவலையுற்றிருந்தபோது, நம் கல்லூரியின் பௌதிக வகுப்பு மாணவி ஒருத்தி சனிக்கிழமைதோறும் வரத்தொடங்கினாள். பாயிண்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்காக வைப்பதற்கு ஃபீலர் தகடு கொண்டுவந்தாள். மேஸ்திரி அதனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது எதுக்கும்மா?” என்று தம் நகத்தை நுழைத்து வைத்துக் காட்டினார். அவள் தகட்டால் அளந்தாள். சரியாக இருந்தது.

பதினைந்து ஆண்டைக் கடந்த வண்டிகளின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். இவ்வண்டிக்கு அடுத்த முறை 2029-இல் வருகின்றது. அதற்குள் ஸ்டீயரிங் என் தோளுக்கு மிஞ்சுமாயின் சாவியை அம்மாணவியிடம் கொடுத்துவிடுவதாக மகளிடம் வாக்களித்திருக்கிறேன். அவள் அதனை ஒரு தாளில் எழுதச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.